இரண்டாம் வகுப்பு உயரம்

பத்ரியா டீச்சருக்கு நாக்கு நீளம். பள்ளிக்கூடத்தில் அது உதவும், வீட்டில் ஆளைச் சாய்த்துவிடும். போன வருஷம் அந்த நாக்கு தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. அதற்குப் பரிகாரமாகத்தான் இப்போது பாஸ்ராவில் தன் வீட்டு முற்றத்தில், பாவாடையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, வகுப்பு முடிந்து வந்த களைப்போடு அவள் களிமண் மிதித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "போதும் யம்மா. நாப்பது வருஷம் நின்னு ரொட்டி சுட்டாச்சு. இனிமே நீ உக்காந்து சாப்பிடு."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், யார் இல்லை என்றார்கள்? தம்பி ஜப்பார் நாசிரியாவில் புது வீடு கட்டி, சதுப்புக் கரையில் தனியாக இருந்த அம்மாவை அழைத்துப் போக வந்திருந்தான். சாமான்களை வண்டியில் ஏற்றியாயிற்று. அம்மா மக்கியா மட்டும் தன் தன்னூர் அடுப்பின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மண் அடுப்பு, தரையோடு ஒட்டியது, பெயர்த்தால் உடைந்துவிடும். அப்போதுதான் பத்ரியா வாயைத் திறந்தாள். ஜப்பாரும் ஆமாம் போட்டான், அவன் மனைவி இக்லாஸும் ஆமாம் போட்டாள். மக்கியா மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை எடுத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். புது வீட்டுக் கூடத்தில் சுவரோரம் போட்ட மெத்தையில் எட்டு மாதமாக உட்கார்ந்திருந்தாள். குளியலறைக்குப் போனால் உண்டு, இல்லையென்றால் அதே இடம். தொழுகைகூட உட்கார்ந்தபடியே ஆகிவிட்டது. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "இந்த முட்டி எனக்கு இருந்தா நான் பந்து விளையாடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜப்பார் பாவம், எரிவாயுவில் எரியும் தகர அடுப்பு ஒன்றை வாங்கிவந்து பின்கட்டில் வைத்தான். மக்கியா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இக்லாஸ் அதில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

வியாழக்கிழமைதோறும் பத்ரியா போன் செய்வாள்.

"எப்படி யம்மா இருக்க?"

"இருக்கேன்."

"என்ன சாப்பிட்ட?"

"குடுத்ததை."

குடுத்ததை. சதுப்புக் கரையில் பதினைந்து வீட்டுக்கு ரொட்டி கொடுத்த கை அது. போனை வைத்த பிறகு பத்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. 'நான்தான் அவளை உட்கார வைத்தேன், நான்தான் எழுப்ப வேண்டும்' என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். மார்ச் இருபத்தொன்று அன்னையர் தினம், பள்ளிக்கும் விடுமுறை. அதற்குள் தன் கையால் ஒரு தன்னூர் செய்து கொண்டுபோய் அம்மா முன்னால் வைப்பது.

கணவன் அத்னானுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. மாலையில் வந்தவன் முற்றத்து மண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டீச்சர், கடைத்தெருவுல தன்னூரு வரிசையா நிக்குது. கை காட்டினா வண்டியில ஏத்தி விடுவான். உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"எங்கம்மா வாழ்க்கையில தன்னூர விலைக்கு வாங்கினதில்ல. கடையில இருக்கறது யார் இடுப்புக்கும் சேராது. அவங்கவங்க இடுப்புக்கு அவங்கவங்க செஞ்சுக்கணும்."

"நீ எப்ப செஞ்சிருக்க?"

"பாத்திருக்கேன்ல."

"நான்கூடத்தான் கப்பலைப் பாத்திருக்கேன்" என்றான் அத்னான். ஆனாலும் மறுநாள் ஆற்றோரத்திலிருந்து இன்னும் நான்கு மூட்டை களிமண் கொண்டுவந்து போட்டது அவன்தான்.

நாணல் பூவின் பஞ்சும் உப்பும் கலந்து மண்ணை மிதித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, நான்கு நாள் புளிக்க விட்டாள். பிறகு பாம்பு மாதிரி உருட்டி வளையம் வளையமாக ஏற்ற ஆரம்பித்தாள். அவசரக்காரி. ஒரு வளையம் இறுகும் முன்னே அடுத்ததை வைத்தாள். மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால், அடுப்பு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அதை உடைத்து மறுபடி மிதித்தாள். இந்த முறை ஒரு நாளைக்கு ஒரு வளையம், அதற்குமேல் கை வைப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். காற்றுப் போக அடியில் வாய் விட்டாள். உள்சுவரை ஈரத் துணியால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று ஆக்கினாள். விரல் நகத்திலெல்லாம் மண். தலைமையாசிரியை ஒருநாள் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். பத்ரியா கையை மறைக்கவில்லை.

எல்லாம் சரி, உயரம்? அம்மாவை அளக்க வழியில்லை. அளந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். பழைய தன்னூரும் ஆளில்லாத வீட்டில் மழைக்குக் கரைந்துபோயிருந்தது. ஆனால் பத்ரியா கணக்கு டீச்சர் அல்லவா, அவளுக்கா வழி தெரியாது? அவளுக்கு ஒன்று நன்றாக நினைவிருந்தது. சின்ன வயதில் அவள் அந்தத் தன்னூரின் பக்கத்தில் நின்றால் விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேராக வரும். உள்ளே சுவரில் ரொட்டி ஒட்டிக்கொண்டு உப்பி வருவதைப் பார்க்க வேண்டுமானால் அம்மா தூக்க வேண்டும். மக்கியா ஒரு கையில் மாவும் ஒரு கையில் மகளுமாக நிற்பாள். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து நெருப்பைப் பார்த்தது அவளுக்கு இப்போதும் கண்ணில் நின்றது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அதில் சந்தேகமே இல்லை, தோளில் பள்ளிக்கூடப் பை இருந்தது.

ஆகவே ஏழு வயதுப் பிள்ளையின் கண் உயரம் எவ்வளவோ, அவ்வளவுதான் அம்மாவின் தன்னூர்.

மறுநாள் இரண்டாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகளையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திக் கண்ணுக்கு நேரே சாக்பீஸால் கோடு போட்டாள். ஒருத்தி குதிகாலைத் தூக்கினாள், ஒருவன் தும்மினான். எல்லாக் கோட்டையும் அளந்து, கூட்டி, முப்பத்தாறால் வகுத்து, வந்த அளவை ஒரு கயிற்றில் முடிச்சு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணக்கில் பிழையே கிடையாது. அந்தக் கயிறு மட்டத்தில் கடைசி வளையத்தை வைத்து முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுடைய இடுப்புக்குச் சற்று மேலே வந்தது.

"கொஞ்சம் உசரமா இல்ல?" என்றான் அத்னான்.

"எங்கம்மா உசரமான மனுஷி" என்றாள் பத்ரியா.

அவள் அம்மா நின்று பார்த்து எத்தனை நாளாயிற்று? போகும்போதெல்லாம் மக்கியா உட்கார்ந்திருப்பாள், இவள் குனிந்து தலையில் முத்தமிடுவாள், பக்கத்தில் உட்காருவாள், கிளம்பும்போது மறுபடி குனிந்து முத்தமிடுவாள். இதெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை.

இருபதாம் தேதி விடிந்ததும், காய்ந்த அடுப்பை இரண்டு மெத்தைக்கு நடுவே வைத்துக் கட்டி, சிறிய சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். அத்னான் ஓட்டினான். பத்ரியா முன்னால் உட்கார மறுத்துப் பின்னால் ஏறி, அடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிடியை இறுக்கினாள். நாசிரியாவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் வண்டியை நிறுத்தினான். முகமெல்லாம் புழுதியோடு ஒரு பெண் மண் அடுப்பைக் கட்டிப்பிடித்திருப்பதைப் பார்த்து அவனுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"உள்ள என்ன இருக்கு அக்கா?"

"காத்து."

"எங்க கொண்டு போறீங்க?"

"எங்கம்மாவுக்கு. நாளைக்கு அன்னையர் தினம். நானே செஞ்சது."

சிப்பாய் அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தான், நிமிர்ந்தான். "நான் எங்கம்மாவுக்குப் போன்ல ஒரு பூப்படம் அனுப்பலாம்னு இருந்தேன்" என்றான் கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு ஓட்டுநர் பக்கம் போய், "அண்ணே, மெதுவா போங்க. முன்னாடி பாலத்துக்கிட்ட பெரிய பள்ளம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தடுப்பைத் தூக்கினான்.

அடுப்பு ஒரு கீறல்கூட விழாமல் வந்து சேர்ந்தது. ஜப்பாரும் அத்னானும் மூச்சு வாங்க அதைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய், வெங்காய அடுப்பை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் வைத்தார்கள். பத்ரியா கூடத்துக்குள் ஓடினாள். மக்கியா மெத்தையில் இருந்தாள். பக்கத்தில் ஜப்பார் வாங்கிய கால் அமுக்கும் இயந்திரம், அட்டைப்பெட்டியின் நாடா பிரிக்காமல் இருந்தது.

"யம்மா, எந்திரி. வந்து பாரேன்."

"இங்கயே கொண்டு வா."

"கொண்டு வர முடியாதும்மா. நீதான் வரணும்."

மக்கியா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். நகத்து மண்ணில் அவள் பார்வை நின்றது. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பத்ரியா வழிவிட்டு ஒதுங்கினாள். எழுந்துவிட்டாள், எட்டு மாதம் கழித்து ஒரு காரியத்துக்காக எழுந்துவிட்டாள்.

பின்கட்டுக்கு வந்து மக்கியா அடுப்பைப் பார்த்தாள். நாலு பக்கமும் சுற்றி வந்தாள். சுண்டுவிரலால் தட்டிச் சத்தம் கேட்டாள். கடைசியில் பக்கத்தில் போய் நின்றாள். விளிம்பு அவள் கக்கத்துக்கு வந்தது.

அப்போதுதான் பத்ரியா தன் அம்மாவை முழுசாகப் பார்த்தாள். அம்மாவின் தலை தன் தோளுக்குக்கூட எட்டவில்லை. இவ்வளவு சின்னவளா? எப்போதிலிருந்து?

"யாருக்குச் செஞ்ச?" என்றாள் மக்கியா.

"உனக்குத்தான் யம்மா."

"எனக்கா?"

ஜப்பாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, யம்மா இதுக்குள்ள விழுந்தா நாங்க கயிறு போட்டுத்தான் தூக்கணும்."

"சும்மா இருங்க" என்று இக்லாஸ் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பத்ரியாவின் முகம் செத்துவிட்டது. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணுக்கு நேரே வந்த விளிம்பு, ஏழு வயது, பள்ளிக்கூடப் பை, முப்பத்தாறு பிள்ளைகள், கூட்டி வகுத்தது. மக்கியா பொறுமையாகக் கேட்டாள்.

"பள்ளிக்கூடப் பை இல்ல அது. வெங்காயப் பை. அதை மாட்டிக்கிட்டு நாள் பூரா திரிவே. அப்ப உனக்கு நாலு வயசு."

"ஏழும்மா. நீ என்னைத் தூக்கிக் காட்டுவ."

"நாலு வயசு வரைக்கும்தான் உன்னைத் தூக்கினேன். அப்புறம் இவன் பொறந்துட்டான். கையில இடமில்ல." மக்கியா ஜப்பாரைக் கைகாட்டினாள். "நான் எப்பவும் இவ்வளவுதான்டி இருந்தேன். நீதான் சின்னவளா இருந்தே."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜப்பாரும் அத்னானும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குழி தோண்டி இறக்கலாம், இல்லை, மேலே அறுத்துவிடலாம். பத்ரியா காதில் எதுவும் விழவில்லை. ஒரு மாதம் மண்ணை மிதித்து, ஊரிலிருக்கும் பிள்ளைகளையெல்லாம் அளந்து, பெற்ற தாயை மட்டும் அளக்காமல் விட்ட அறிவை என்ன சொல்ல? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. செய்ததைச் சுடாமல் விடுவதில்லை என்ற வீம்பில், இக்லாஸிடம் நாணலும் வறட்டியும் வாங்கி அடுப்பை முதல் தடவையாகப் பற்றவைத்தாள். புகை கண்ணில் ஏறியது வசதியாகப் போயிற்று, அழுதது யாருக்கும் தெரியவில்லை. மாலை வரை எரித்தாள். அடுப்பு வெடிக்காமல் சிவந்து, மெல்ல ஆறியது. மக்கியா கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. இரவுச் சாப்பாட்டில் கடை ரொட்டியைப் பிய்த்து, கொடுத்ததைத் தின்றாள்.

காலையில் பத்ரியா கண் விழித்தது ஒரு சத்தத்தில். கரகரவென்று எதுவோ தரையில் இழுபடும் சத்தம். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கதவருகே இக்லாஸ் நின்றுகொண்டிருந்தாள், வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவா, அக்கா. தொழுகைக்கு எந்திரிச்சவங்க அப்படியே மாவு பிசைஞ்சுட்டாங்க. நான் பிசையட்டான்னு கேட்டேன். போய்ப் படுன்னுட்டாங்க. எட்டு மாசத்துல என்கிட்ட அவங்க போட்ட முதல் அதட்டல் அது." இக்லாஸின் முகத்தில் சிரிப்பு கொள்ளவில்லை.

வீடு கட்டி மிஞ்சிய சிமெண்ட் கற்கள் மதிலோரம் அடுக்கியிருந்தன. மக்கியா அதில் ஒன்றை, குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, பளபளவென்றிருந்த புதுத் தரையில் கோடு விழ இழுத்துக்கொண்டு வந்தாள். அடுப்பில் ஏற்கெனவே நெருப்பு அடங்கித் தணலாகியிருந்தது. பக்கத்தில் துணி மூடிய தாம்பாளத்தில் மாவு உருண்டைகள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற? இன்னொரு கல்லு எடு. இங்க போடு. உங்கப்பன் மாதிரி கோணலா போடாத, ஒட்டிப் போடு."

பத்ரியா ஓடிப்போய்க் கல்லைத் தூக்கிவந்து போட்டாள். நான்கு கல், இரண்டடுக்கு. போட்டுவிட்டு, கல்லுக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"யம்மா, நான் உக்காருன்னு சொன்னேன்னுதான் உக்காந்தியா?"

"நீ மட்டுமா சொன்ன? மூணு பேரும்தான் சொன்னீங்க." மக்கியா கையில் மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். "இனிமே என் ரொட்டி யாருக்கும் வேணாம்னு நெனச்சுக்கிட்டேன். யாருக்கும் வேணாம்னா நின்னு என்ன பண்ண?"

"எனக்கு வேணும் யம்மா."

"தெரியுது. இவ்வளவு பெரிய அடுப்ப வச்சிருக்கியே."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மக்கியா கல் மேல் ஏறினாள். தட்டிய மாவை உள்ளங்கையில் விரித்து, உடம்பைச் சரித்து, உள்ளே ஓங்கி அறைந்தாள். அது ஒரு நொடி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, கழன்று தணலில் விழுந்தது.

"சுவரு வழுக்குது. இப்படித் தேய்ச்சது யாரு?"

"நான்தான்."

"அதான் பாத்தேன்." திட்டிக்கொண்டே அடுத்ததை எடுத்தாள், உப்புத் தண்ணீரில் கையை நனைத்து உள்சுவரில் ஒரு தடவு தடவினாள், அறைந்தாள். இது ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. மணம் பின்கட்டைத் தாண்டியது. ஜப்பார் தூக்கக் கலக்கத்தோடு வந்து, தன் புதுத் தரையில் விழுந்த கோடுகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு எருமைப் பாலாடை வாங்கிவரக் கிளம்பினான்.

"வா, பாரு" என்றாள் மக்கியா. "உப்பி வருது."

பத்ரியா எழுந்து நின்றாள். அம்மாவைப் பார்க்க அவள் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. இரண்டடுக்குக் கல் மேல், முக்காடு பின்னால் சரிந்து, கன்னத்தில் நெருப்பின் சிவப்போடு மக்கியா அவளைவிட உயரமாக நின்றாள். பத்ரியா மனசில் இத்தனை வருஷம் இருந்த அதே உயரம். கயிற்றில் முடிச்சு போட்டு எடுத்துவந்த கணக்கு தப்பவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை சாக்குச் சொல்லப் புகை இல்லை.

"இவ்வளவு உசரந்தான் யம்மா நீ இருந்த."

மக்கியா குனிந்து மகளைப் பார்த்தாள். மாவு ஒட்டிய கையால் அவள் தலையை ஒருமுறை தடவினாள்.

"உசரமாவது ஒண்ணாவது. தட்டை நீட்டு, கருகுது."

பத்ரியா தட்டை நீட்டினாள்.